96 டன் என்று எழுதியிருந்தது

போன மாதம் நிலாவெளியிலிருந்து ஒரு தம்பி கோல் எடுத்தார். "அண்ணன், பழைய கப்பல் ஒண்டு விலைக்கு வருது. வெட்டி இரும்புக்குப் போடலாமெண்டு யோசிக்கிறன். நீங்கள் முந்திச் செய்த ஆளாமே?" முக்கால் மணித்தியாலம் கதைத்தோம். போனை வைத்த பிறகு மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. 2023இல் எனக்கு இப்படி எடுத்துக் கேட்க ஓர் ஆள் இருக்கவில்லை. இருந்திருந்தால் 24 இலட்சம் ரூபாயும் பதினைந்து மாதமும் மிஞ்சியிருக்கும், மனைவியின் சங்கிலி இன்னும் அடகில் கிடக்காது. அந்தத் தம்பிக்குச் சொன்னதையும், வெட்கத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

எனக்குத் திருகோணமலையில் 3ஆம் கட்டைப் பக்கம் பழைய இரும்புக் கடை. பதினாறு வருடமாக இதே தொழில். பஸ் சேசிஸ், தண்ணீர்த் தாங்கி, அரிசி ஆலை இயந்திரம் என்று எதையும் கண்ணால் பார்த்தே எடை சொல்லுவேன், பெரிதாகப் பிழைக்காது. அந்தக் கர்வம்தான் என்னைக் கவிழ்த்தது. உள்துறைமுகத்தில் ஒரு தனியார் இறங்குதுறையில் ஒன்பது வருடமாகக் கட்டிக் கிடந்தது அந்தக் கப்பல். கப்பல் என்று ஊரில் சொன்னார்களே தவிர, பெரிய கப்பல் இல்லை. 23 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், நடுவில் பெரிய சரக்கறை, பின்னால் எஞ்சினும் மேலே ஒரு சின்ன அறையும். ஒரு காலத்தில் சீமெந்து மூட்டை ஏற்றித் திரிந்ததாம். விற்றவர்களின் பெயர் வேண்டாம். அவர்கள் காட்டிய பழைய பதிவுப் பத்திரத்தில் 96 டன் என்று இருந்தது. நான் மனதுக்குள் பெருக்கினேன். 96,000 கிலோ, அப்போது எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்த விலை கிலோ 85 ரூபா, ஆக 81 இலட்சத்துக்கு மேல். கேட்ட விலை 35 இலட்சம். பேசிப் பேசி 28க்கு முடித்தேன். திரும்பி வரும்போது மடத்தடியில் நிறுத்தி ஒரு கிலோ மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவ்வளவு சந்தோசம்.

அடுத்த ஞாயிறு மனைவியின் மாமா ஒருவர், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், பார்க்க வந்தார். பத்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மருமகன், இது எடையில்லை. இது இடம்" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் சொல்லித்தான் தெரியும், பதிவுப் பத்திரத்தில் வரும் கிராஸ் டன் என்பது கப்பலின் உள்ளே அடைபட்ட இடத்தின் அளவு. பழைய கணக்கில் நூறு கன அடி இடம் ஒரு டன். என்னுடையதில் சரக்கறை பெரிது, அதாவது இடம் நிறைய, இரும்பு கொஞ்சம். இந்தியாவின் ஆலங்கிலும் வங்காளதேசத்தின் சிட்டகாங்கிலும் உடைக்கக் கப்பல் வாங்குகிறவர்கள் இந்த டன்னுக்கு விலை பேசுவதே இல்லை. சரக்கு, எண்ணெய், தண்ணீர், ஆட்கள் ஒன்றும் இல்லாத வெறும் கப்பலின் எடைக்குத்தான் அங்கே விலை.

அந்த எடையை மாமா ஒரு அளவு நாடாவை வைத்துக்கொண்டே கண்டுபிடித்தார். நீங்களும் இதைச் செய்யலாம், ஐந்து சதம் செலவில்லை. கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கி நிற்கிறது என்று முன்னாலும் பின்னாலும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். எங்களுக்கு 60 சென்ரிமீட்டர் வந்தது. நீளம் 23, அகலம் 6, ஆழம் 0.6, பெருக்கினால் 83 கன மீட்டர். கப்பல் பெட்டி மாதிரி இல்லை, முன்னாலும் பின்னாலும் ஒடுங்கும், அதனால் இந்த மாதிரித் தட்டையான சரக்குப் படகுக்கு அதில் முக்கால்பங்கு எடுக்கலாம். ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்குச் சற்றுக் கூட. ஆக மொத்தம் 63, 64 டன். "இதில உள்ள நிக்கிற தண்ணியக் கழி. சேத்தைக் கழி. அடியில சீமெந்து ஊத்தியிருப்பாங்கள், அதையும் கழி" என்றார் மாமா. கழித்துக்கொண்டே போகப் போக எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஐம்பதுக்கும் கீழே வந்து நின்றது. மஸ்கட் பெட்டி அப்போதும் மேசையில் பாதி தின்றபடி கிடந்தது.

சரி, புரொப்பலர் இருக்கிறதே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இந்த அளவுக் கப்பலுக்கு 150 கிலோ வெண்கலமாவது இருக்கும், இரண்டு இலட்சத்துக்குக் குறையாது. தெரிந்த சுழியோடி ஐயா ஒருவரை இறக்கினேன். மேலே வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தண்டுதான் தம்பி இருக்கு" என்றார். யாரோ எப்போதோ கழற்றிப் போயிருக்கிறார்கள். எஞ்சின் அறையில் செப்புக் கேபிள் இருந்த இடத்தில் வெறும் கொளுவிகள் மட்டும் வரிசையாக நின்றன. காசு கொடுக்க முதல் ஐயாவை இறக்கியிருந்தால் மூவாயிரம் ரூபாயோடு முடிந்திருக்கும். அப்படியே ஒரு சுத்தியலும் கொண்டுபோயிருக்க வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தகட்டைத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு மணி மாதிரிக் கேட்கும். என்னுடையது பூசணிக்காயைத் தட்டியது போல் கேட்டது. 6 மில்லிமீட்டர் தகடு சில இடங்களில் இரண்டரைக்கு வந்திருந்தது.

இதற்கு மேலும் நான் பின்வாங்காததற்குக் காரணம் வீடியோக்கள். இரவில் படுத்தபடி ஆலங் வீடியோக்களாகப் பார்த்தேன். குஜராத்தில் 1983இலிருந்து நடக்கும் தொழில். பெரிய கப்பல் முழு வேகத்தில் கரையைப் பார்த்து வருகிறது, சேற்றில் ஏறி நிற்கிறது, தண்ணீர் வற்றியதும் ஆட்கள் நடந்தே போய் வெட்டுகிறார்கள். நான் பார்த்தவற்றில் கிரேனும் இல்லை, டொக்கும் இல்லை. இவ்வளவுதானா என்று நினைத்தேன். சிட்டகாங்குக்குப் பக்கத்தில் உள்ள சீதாகுண்டு கதை இன்னும் துணிச்சல் தந்தது. 1960இல் ஒரு புயல் கிரேக்கக் கப்பலொன்றைக் கொண்டுவந்து சிட்டகாங் கரையில் ஏற்றிவிட்டதாம், திரும்ப இறக்க முடியாமல் சில வருடம் கிடந்து, பிறகு அதை உடைத்ததிலிருந்துதான் அங்கே தொழிலே தொடங்கியதாம். நம்மட பக்கத்திலும் 2006 மார்கழியில் முல்லைத்தீவில் ஒரு ஜோர்தான் கப்பல் அரிசியோடு கரை ஒதுங்கியதைக் கண்டவர்கள்தானே நாங்கள். கப்பலைக் கரையில் ஏற்றிவிட்டால் மிச்சம் தானாக நடக்கும் என்று நம்பிவிட்டேன்.

வீடியோவில் நான் கவனிக்காதது கடல். ஆலங் இருக்கும் காம்பே வளைகுடாவில் பெருக்குக்கும் வற்றுக்கும் இடையில் முப்பது அடிக்கு மேல் வித்தியாசம் வரும். அங்கே கிரேன் செய்ய வேண்டிய வேலையைக் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தரம் சும்மா செய்துகொடுக்கிறது. திருகோணமலையில் அமாவாசை, பௌர்ணமிக்குக் கூட இரண்டடிதான். நான் பிறந்ததிலிருந்து இந்தக் கடலைப் பார்க்கிறேன், ஒருநாளும் இப்படி யோசித்ததில்லை. 2023 ஆவணியில் ஒரு இழுவைப் படகு பிடித்து, கொட்டியாரக் குடாப் பக்கம் ஒரு கரைக்குக் கொண்டுபோனேன். இழுவைக்கு மட்டும் 1 இலட்சத்து 80 ஆயிரம். மூக்கு முழங்காலுக்குக் கீழே நின்ற தண்ணீரில், எஞ்சின் இருக்கும் பின்பக்கம் இடுப்பளவு தண்ணீரில் தட்டி நின்றது. பௌர்ணமி வரை காத்திருந்தோம். ஒரு முழம் கூட நகரவில்லை. இரண்டு செயின் புளொக்கும் ஒரு பெக்கோவும் வைத்து இழுத்ததில் முன்பக்கக் கட்டைதான் பிய்ந்து வந்தது.

மூன்றாம் நாள் அதிகாரிகள் வந்து நிறுத்தினார்கள். அவர்களில் பிழையில்லை, நான் ஒரு அனுமதியும் எடுக்கவில்லை. என் காணியில் பஸ் வெட்டுவது போலத்தான் இதையும் நினைத்தேன். கடற்கரையில் ஒரு கப்பலை வெட்டுவதென்றால் துறைமுக எல்லைக்கு ஒரு அனுமதி, கரையோரத்துக்கு ஒரு அனுமதி, எண்ணெய்க்கும் கழிவுக்கும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபை, மத்திய சுற்றாடல் அதிகார சபை என்று படி ஏற வேண்டும். கப்பலை அசைக்க முதல் இதை முடியுங்கள். பிந்தினால் ஒவ்வொரு நாளும் காவலாளிக்கும் தண்ணீர் இறைக்கும் பம்புக்கும் காசு போகும். எனக்கு அது மட்டும் 2 இலட்சத்து 40 ஆயிரம். அலைந்து திரிந்து கடிதங்கள் கைக்கு வந்தபோது ஐப்பசி நடுப்பகுதி. கட்டர் பொடியன்கள் வந்து மேல் அறையையும் பக்கத் தகட்டில் இரண்டு வாசலையும் வெட்டினார்கள். சாமான் இறக்க வசதியாக இருக்கட்டும் என்று நான்தான் வெட்டச் சொன்னேன்.

பக்கத்தில் கரைவலை இழுக்கும் கிண்ணியா நானா ஒருவர் தினமும் அந்த வழியால் போவார். "தம்பி, வாடை வாற நேரத்தில வயித்தக் கீறி வெச்சிருக்கீங்களே" என்றார் ஒருநாள். சிரித்துவிட்டுப் போய்விட்டேன். கார்த்திகை முதல் கிழமை வாடைக்காற்று எழும்பியது. சோழகத்துக்குக் குளம் மாதிரிக் கிடக்கும் அந்தக் கரை, வாடைக்கு நேராக வாயைத் திறந்து கொடுக்கும் கரை. இரவு பதினொரு மணிக்குக் காவலாளி அழுதபடி கோல் எடுத்தான். நான் போய்ச் சேர்ந்தபோது டோர்ச் வெளிச்சத்தில் மேல்தட்டு மட்டும் தெரிந்தது, அலை நான் வெட்டிய வாசலால் புகுந்து மற்ற வாசலால் வெளியே வந்தது. விடிய விடிய மழையில் நின்றேன். செய்ய ஒன்றும் இல்லை. விடிந்ததும் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மினுங்கியது. நானாவின் வலை நாசம். அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன், ஒன்றும் சொல்லாமல் வலையைச் சுருட்டிக்கொண்டு போனார். பிறகு நானே போய்க் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன். எண்ணெய் உறிஞ்சிய பவுசர், கழிவு அகற்றல், வலை எல்லாம் சேர்த்து 2 இலட்சத்து 10 ஆயிரம். முதல் நாளே அடியில் கிடந்த எண்ணெய்த் தண்ணீரை இறைத்திருந்தால் இதில் முக்கால்வாசி மிச்சம்.

தை பிறக்கும் வரை கப்பல் மணலில் புதைந்துகொண்டே போனது. தூக்குவதற்கு வெறும் பீப்பா கட்டலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஐம்பது பீப்பா வாங்கினேன். சுழியோடி ஐயா சிரித்தார். 200 லீட்டர் பீப்பா ஒன்று 180 கிலோவைத்தான் தூக்கும், ஐம்பதும் சேர்ந்து 9 டன். வீண் காசு. அவர்தான் எனக்கு சகாயிங் கப்பலின் கதை சொன்னார். 1942 சித்திரை 9இல் ஜப்பான் விமானங்கள் நம்மட துறைமுகத்தில் குண்டு போட்டு எரித்த கப்பல் அது. பிறகு அதைத் தாழ்த்தி அதன் முதுகை இறங்குதுறையாகப் பாவித்தார்கள். 2018இல் கடற்படைச் சுழியோடிகள் மாதக்கணக்கில் வேலை செய்து மிதக்க வைத்தார்கள், மிதக்க வைத்தும் இரும்புக்குப் போடவில்லை, கொண்டுபோய் வேறிடத்தில் ஆழ்கடலில் தாழ்த்தினார்கள். "இஞ்ச கடலுக்குள்ள ஒரு மிதக்கும் டொக்கே கிடக்கு தம்பி. 44இல, உள்ள ஒரு யுத்தக் கப்பலோட இருந்தபடியே தாண்டது. மிதக்கிறதுக்கெண்டே கட்டின சாமானே தாண்டா, உன்ர எம்மாத்திரம்?" ஆறுதல் சொல்கிறாரா நக்கலடிக்கிறாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் வழியும் அவரே காட்டினார். வாசல்களைப் பலகையும் தார்ப்பாயும் வைத்து உள்ளிருந்து அடைத்து, மேல்தட்டு தண்ணீருக்கு மேலே இருந்ததால் நாலு பம்பை ஒன்றாகப் போட்டு இறைத்து, சுற்றி மணலைக் கிளறிக் கிளறி, ஐந்தாம் நாள் கப்பல் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி அசைந்தது. அதற்கு 6 இலட்சத்து 20 ஆயிரம். பிறகு பெரிய எக்ஸ்கவேட்டரும் கிரேனும் 4 இலட்சத்து 50 ஆயிரம். இந்த முறை முதலில் எஞ்சினைத் தூக்கிப் பின்பக்கத்தை இலேசாக்கிவிட்டுத்தான் கரைக்கு இழுத்தோம்.

வெட்டும் வேலையில் நடந்த ஒன்றை இன்னும் வீட்டில் சொல்லவில்லை. முன்பக்கம் ஒரு சின்ன அறை, வருடக்கணக்காக மூடி திறக்காமல் கிடந்தது. எண்ணெய் இல்லை, மணம் இல்லை, வெறும் துரு. பொடியன் ஒருவன் மூடியைக் கழற்றிவிட்டு ஏணியில் இறங்கினான். நாலு படி போனதும் கை வழுகியது மாதிரி அப்படியே சரிந்தான். என் தம்பி முறையான ஒருவர் முன்யோசனையாக இடுப்பில் கயிறு கட்டி விட்டிருந்தார். அந்தக் கயிறுதான் அவனைத் தூக்கியது. துரு பிடிப்பது என்றால் இரும்பு காற்றில் உள்ள ஒக்சிசனைக் குடிப்பது. மூடிக் கிடந்த அறையில் துரு அதைக் குடித்து முடித்திருந்தது. காப்பாற்ற என்று பின்னாலேயே இன்னொருவர் இறங்கியிருந்தால் இரண்டு பேர் போயிருப்பார்கள். பொடியன் தப்பிவிட்டான், ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை, அவனுடைய தாய் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். மூடிய அறை எதையும் திறந்து ஒரு நாளாவது விட்டு, காற்றாடியால் உள்ளே காற்று அடித்து, வாயு அளக்கும் கருவியை வாடகைக்காவது எடுத்துப் பார்த்த பிறகே இறங்குங்கள். விளக்குக் கொளுத்தி இறக்கிப் பார்ப்பது என்ற பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம், எண்ணெய் வாயு நின்றால் அதுவே வெடி. பாகிஸ்தானில் கடானி என்ற இடத்தில் 2016 கார்த்திகை 1ஆம் திகதி எண்ணெய்க் கப்பல் ஒன்றை உடைக்கும்போது வெடித்துக் குறைந்தது 26 பேர் செத்தார்கள். அதை வாசித்த பிறகு டீசல் தாங்கியைக் கழுவி, கழுத்து வரை தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டுதான் மேல்பக்கத்தை வெட்டினோம். வெட்டும் கோட்டுக்கு இரு பக்கமும் நாலு விரல் அகலத்துக்குப் பழைய பெயின்டைச் சுரண்டினோம், அந்தப் புகையில் ஈயம் இருக்கும், ஈரத் துவாயை மூக்கில் கட்டுவதால் அது நிற்காது. எஞ்சின் புகைக்குழாயில் சாம்பல் நிறத்தில் துணி மாதிரிச் சுற்றியிருந்ததைப் பொடியன்கள் கையால் பிய்க்கப் போனார்கள். அது அஸ்பெஸ்டஸ். நனைத்து, உடைக்காமல், தடித்த பையில் கட்டி வேறாகக் கொடுக்க வேண்டும். உலகம் முழுவதற்கும் கப்பல் உடைப்பு பற்றி 2009இல் ஹொங்கொங்கில் எழுதிய உடன்படிக்கை 2025 ஆனி 26இல்தான் நடைமுறைக்கு வந்தது. கப்பலில் எங்கே என்ன நஞ்சு இருக்கிறது என்று முன்கூட்டியே பட்டியல் வேண்டும் என்பது அதில் முக்கியமானது. 500 கிராஸ் டன்னுக்குக் குறைந்தவற்றுக்கு அது பொருந்தாது. இருந்தாலும் ஒரு சோக்கட்டியோடு ஏறி நீங்களே குறித்துக்கொண்டு வந்தால் யார் வேண்டாம் என்கிறார்கள்.

மாமா சொன்ன சீமெந்து உண்மையாகவே இருந்தது. ஓட்டை விழுந்த இடமெல்லாம் தகடு மாற்றாமல் சீமெந்து ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். சம்மட்டியால் அடித்து அடித்து ஆறு டன் எடுத்தோம், இரும்பு விலைக்கு வாங்கிய சீமெந்து. துருவேறிய தகட்டில் கேஸ் சுடர் பிடிக்காது, தட்டிச் சுத்தம் பண்ணிவிட்டுத்தான் வெட்ட வேண்டும், அதனால் ஒக்சிசன் சிலிண்டர் தண்ணீராய்ப் போனது. கேஸும் கூலியும் 7 இலட்சத்து 60 ஆயிரம், லொறிக்கு 2 இலட்சத்து 30 ஆயிரம், கடிதம், பயணம், சட்டத்தரணி 1 இலட்சத்து 90 ஆயிரம். வைகாசியில் கடைசி லொறி தராசில் ஏறியபோது மொத்தம் 41 டன் 300 கிலோ. விலையும் 72க்கு இறங்கியிருந்தது. எஞ்சினும் கொஞ்சப் பித்தளையும் சேர்த்து 33 இலட்சத்துக்குச் சற்றுக் குறைய வந்தது, போனது 57இற்குச் சற்றுக் குறைய. கண்ணாடியிழைப் படகு வாங்கி உடைக்கலாமா என்றும் அந்தத் தம்பி கேட்டார். அதில் இரும்புமில்லை, எரித்தால் நஞ்சு, எடுப்பாரும் இல்லை, எங்கள் கரைகளில் குப்புறக் கிடப்பவை எல்லாம் அதனால்தான் கிடக்கின்றன.

இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஆவணியில் ஒரு பதிவுத் தபால் வந்தது. அந்தக் கப்பலின் பெயருக்கு, இந்த வருடக் கட்டணம் இன்னும் கட்டவில்லையென்று. பெரிய கப்பல்கள் உடைக்கப் போகும் கடைசிப் பயணத்துக்கு முன் பெயரையும் கொடியையும் மாற்றிக்கொண்டு, கொமொரோஸ், பலாவு மாதிரிச் சின்னத் தீவு நாடுகளின் கொடியோடு போவது பற்றி வாசித்திருக்கிறேன். என்னுடையது இரும்பாகி உருகிய பிறகும் பழைய பெயரிலேயே உயிரோடு இருந்தது. வாங்கும்போதே பதிவை நீக்கிய சான்றிதழ் கேட்டிருக்க வேண்டும், கப்பலின் மேல் கடன், மாலுமிச் சம்பளப் பாக்கி எதுவும் இல்லையென்று எழுதியும் வாங்கியிருக்க வேண்டும். விற்றவர்கள் இப்போது போன் எடுப்பதில்லை. தராசுத் துண்டுகள் எல்லாவற்றையும், வெட்டிய தகடுகளின் படங்களையும் ஒரு கோவையில் போட்டு எடுத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஐயா, கப்பல் இப்ப எங்க நிக்குது?" என்று கேட்டார்.